கியர் என்னும் பல்லிணை

ஐப்பசி மழை தொடங்குமுன் முற்றத்தில் நிறுத்திய காரை, தை பிறந்து வெயில் கண்ட பிறகுதான் எடுத்தேன். பேட்டரிக்குப் பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து உயிர் கொடுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியர்தான் போகவில்லை. ஃபர்ஸ்ட்டுக்குத் தள்ளினால் கம்பி பாதியில் முட்டி நிற்கிறது. ரிவர்ஸுக்கு இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். தக்கலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"எஞ்சின ஆஃப் பண்ணிட்டு கியரு போட்டுப் பாரு தம்பி. விழுதா?"

"விழுது அண்ணே. எல்லாக் கியரும் விழுது."

"இப்பம் ஸ்டார்ட் பண்ணிப் போடு."

"விழமாட்டேங்கு."

"அப்பம் பெட்டிக்குள்ள ஒண்ணுமில்ல. கிளட்ச் பிளேட்டு ஒட்டிக்கிட்டு கெடக்கு. மழையில கெடந்த வண்டில்லா."

ஒரு நிமிடப் பேச்சு. கியர், எஞ்சின், பிளேட் என்று முக்கியமான பெயர்ச்சொற்கள் கடல் தாண்டி வந்தவை. விழு, ஒட்டு, கிட என்று வினைச்சொல் எல்லாம் நம்முடையவை. வண்டிக்கு என்ன கோளாறு என்று சொன்னது வினைச்சொல்தான். கியருக்குத் தமிழ் என்ன என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லைத்தான் தேடுகிறார்கள். வினையிலிருந்து தொடங்கினால் அதைவிடச் சுவையான இடங்களுக்குப் போகலாம்.

முதலில் ஆங்கிலச் சொல். கியர் என்பது பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. உடுப்பு, கவசம், தளவாடம் என்பதே அங்கே பொருள். குதிரைக்குப் பூட்டும் சேணமும் கியர்தான், மீனவரின் வலையும் தூண்டிலும் கியர்தான். பல் வைத்த சக்கரம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. அதாவது ஆங்கிலப் பெயருக்குள் பல்லும் இல்லை, சக்கரமும் இல்லை. 'சாமான்' என்பதோடு சரி. பட்டறையில் "அந்தச் சாமான எடு" என்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருள்.

தமிழில் பொருளைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். பல் + சக்கரம் = பற்சக்கரம். பற்பொடியில் வருகிற அதே புணர்ச்சி. ஈழத்தில் பற்சில்லு என்பார்கள். நமக்கு எல்லை தாண்டினால் மலையாளத்தில் பல்ச்சக்ரம். களியக்காவிளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல்லைத்தான் பார்த்திருக்கின்றன. ஆனால் குமரி மாவட்டத்து வயதானவர்களிடம் சக்கரம் என்றால் வேறு ஞாபகம் வரும். திருவிதாங்கூர் நாணயத்துக்கு அதுதான் பெயர். 28 சக்கரம் கொடுத்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. "கையில சக்கரம் இல்ல" என்ற பேச்சு அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. எங்கள் பாட்டியிடம் பற்சக்கரம் என்றிருந்தால், எலி கடித்த காசு என்று நினைத்திருப்பாள்.

இன்னொரு சொல் பல்லிணை. எனக்குப் பிடித்தது இதுதான். பல் + இணை: தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி பல்லிணை. ஒற்றைப் பற்சக்கரத்தால் ஒரு வேலையும் நடக்காது. இன்னொன்றோடு கோத்தால்தான் அது கியர். 12 பல் உள்ள சக்கரம் 42 பல் உள்ளதை ஓட்டினால், எஞ்சின் பக்கம் மூன்றரைச் சுற்று, வெளியே ஒரே சுற்று. வேகம் குறையும், இழுவை கூடும். கீரிப்பாறை ஏற்றத்தில் ஃபர்ஸ்ட் கியர் செய்வது ஏறக்குறைய இதைத்தான். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளில் கியர்பாக்ஸ் வைத்தவற்றில் இதே கணக்கு தலைகீழாக நடக்கும். இறக்கை நிமிடத்துக்கு 20 சுற்றுச் சுற்றினால், 1500 சுற்று வேண்டும் ஜெனரேட்டருக்கு 75 மடங்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் சூட்சுமம் இணையில்தான் இருக்கிறது.

பல்லிணையை வேறு மாதிரியும் பிரிக்கலாம். பல + ஆண்டு பல்லாண்டு ஆவதுபோல பல + இணை பல்லிணை. பல இணைகள்! ஐந்து கியர் பெட்டிக்குள் இருப்பது அதுதானே. சொல்லை ஆக்கியவர் இதையும் நினைத்தாரா என்பது வேறு விஷயம். இரண்டு பொருளும் பொருந்தி உட்காருகிற கலைச்சொல் அடிக்கடி அமையாது. எனவே கியர்பாக்ஸுக்குப் பல்லிணைப் பெட்டி என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. வடசேரியில் உதிரிபாகக் கடைக்குப் போனால் மட்டும் கியர் ஆயில் என்றே கேளுங்கள். பல்லிணை எண்ணெய் என்றால் பல்வலித் தைலக் கடையைக் காட்டுவார்கள்.

டிரான்ஸ்மிஷன் என்ற சொல்லில் இந்த அழகு இல்லை. லத்தீனில் 'அந்தப் பக்கம் அனுப்புதல்'. மின்வாரியத்தில் இதே சொல்லுக்குத் தொடரமைப்பு என்கிறார்கள், வண்டி பற்றி எழுதுவோர் செலுத்தம் என்கிறார்கள். எஞ்சினின் திறனைச் சக்கரம்வரை செலுத்துவது என்ற அளவில் செலுத்தம் போதும்.

இனி 'விழு'வுக்கு வருவோம். ஆங்கிலத்தில் கியரை இடம் மாற்றுகிறார்கள். 1890களில் பிரான்ஸில் வந்த முதல் பெட்டிகளில் உண்மையிலேயே அப்படித்தான்: பற்சக்கரத்தையே தண்டின் மேல் நகர்த்தி இன்னொன்றின் பல்லுக்குள் செருக வேண்டும். இன்றைய காரில் முன்னோக்கிய கியர்களின் சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே சுற்றுகின்றன, எதுவும் இடம் மாறுவதில்லை. நாம் கம்பியைத் தள்ளும்போது ஒரு வளையம் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. தாழ்ப்பாள் போட்டதுபோல. தமிழில் தாழ்ப்பாள் விழும், பூட்டு விழும், முடிச்சு விழும். கியரும் விழுகிறது. பெட்டியைத் திறந்து பார்க்காத ஓட்டுநர் வாயில்கூட, நடப்பதற்குச் சரியான சொல் எப்படியோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

கியர் விழவில்லை என்றால் அண்ணன் கேட்ட கேள்விதான் முதல் சோதனை. எஞ்சின் அணைந்திருக்கும்போது விழுந்து, ஓடும்போது விழாவிட்டால், எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்துப் பிரிக்கிற கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள்: கேபிள் தளர்ந்திருக்கலாம், ஆயில் வைத்த கிளட்ச் என்றால் ஆயில் குறைந்தோ குழாயில் காற்றுப் புகுந்தோ இருக்கலாம், அல்லது என் வண்டிபோலப் பிளேட் ஒட்டியிருக்கலாம். அணைந்திருக்கும்போதும் விழாவிட்டால்தான் கம்பியிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளையோ, பெட்டிக்குள்ளேயோ பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பெட்டியை இறக்கச் சொன்ன இடத்திலும் நான் ஒரு காலத்தில் பணம் கொடுத்திருக்கிறேன்.

'கத்துது' வேறு நோய். விழுமுன் பூட்டவேண்டிய இரண்டும் ஒரே வேகத்துக்கு வரவேண்டும். அதற்காக இடையில் பெரும்பாலும் பித்தளையில் ஒரு கூம்பு வளையம் உண்டு; உரசி உரசி வேகத்தைச் சமமாக்கும். 1928இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் முதலில் வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் ஓட்டுநரே கிளட்சை இரண்டு முறை மிதித்து வேகத்தைச் சரிக்கட்டினார். பழைய லாரிக்காரர்கள் டபுள் கிளட்ச் என்று பெருமையாகச் சொல்வது அதைத்தான். ஒரே ஒரு கியர் மட்டும், குறிப்பாக செகண்டு, விழும்போது கத்தினால் அந்த வளையம் தேய்ந்திருக்கும். எல்லாக் கியரும் கத்தினால் மறுபடி கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். ரிவர்ஸ் மட்டும் கத்தினால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையமே கிடையாது, இன்னும் 1890கள் மாதிரி பல்லைப் பல்லோடு செருகுகிற வேலைதான். வண்டி முழுக்க நின்று, கிளட்சை மிதித்து, இரண்டு மூச்சு விட்டுப் போட்டால் சத்தமில்லாமல் விழும். ஆயில் மாற்றும்போது கையேட்டில் போட்டிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். உசத்தி என்று கடைக்காரர் கொடுக்கும் ஜிஎல்-5 ரக ஆயில் சில பெட்டிகளில் பித்தளைக்கு ஆகாது.

'தள்ளுது' என்றால் விழுந்த கியர் தானே வெளியே வருகிறது. பூட்டும் பற்களின் ஓரம் மழுங்கியிருக்கும், அல்லது நிறுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் தளர்ந்திருக்கும். சில சமயம் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் போனதால்கூடத் தள்ளும். மலிவானது அதுதான் என்பதால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

'வழுக்குது' கிளட்சின் நோய். எஞ்சின் உறுமும், வண்டி இழுக்காது, எரிந்த வாடை வரும். கலைச்சொல் பட்டியல்களில் கிளட்சுக்கு உரசிணைப்பி என்று ஒரு சொல் உண்டு. நாக்குக்குக் கொஞ்சம் நீளம், ஆனால் உண்மை பேசுகிற சொல்: உரசித்தான் இணைக்கிறது, உரசல் தீர்ந்தால் வழுக்குகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் விரல்களை மடக்கிப் பற்றுவது.

அந்தப் பற்றுதலில்தான் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் "கிளட்ச் பிடி" என்றால் மிதி என்று பொருள். காலால் நீங்கள் பிடிக்கும்போது உள்ளே பிளேட் விடுகிறது. "கிளட்ச் விடு" என்று காலை எடுத்தால் உள்ளே பிளேட் பிடிக்கிறது. மெக்கானிக் "கிளட்ச் பிடிக்கல" என்றால் பிளேட் வழுக்குகிறது என்பார். ஓட்டுநரின் பிடியும் மெக்கானிக்கின் பிடியும் நேர் எதிர். "கிளட்ச் சரியாப் பிடிக்கலண்ணே" என்று போனில் சொல்லிவிட்டு, வேறு கோளாறுக்கு மருந்து வாங்கியவர்கள் எத்தனையோ.

குமரிக்காரர்களுக்கு இதில் தப்பிக்க ஒரு சொல் இருக்கிறது: சவட்டு. "கிளட்ச சவட்டு, கியரப் போடு, பைய விடு." மிதிப்பதற்கு இங்கே அதுதான் சொல். மலையாளம் என்று சிலர் ஒதுக்குவார்கள், ஆனால் சவட்டு பழந்தமிழிலேயே உள்ள சொல். சவட்டுவது கால், பிடிப்பது பிளேட் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் இதை எடுத்துக்கொண்டு போகலாம். 'பைய'வும் சேர்த்துத்தான். மார்த்தாண்டம் நெரிசலில் பாதி சவட்டியபடியே ஊர்ந்து ஊர்ந்து போகிறவர்களின் பிளேட்தான் முதலில் தீரும்.

என் வண்டிக்கு வைத்தியம் பிளேட்டைப் பிரிப்பது. ஈரத்தில் துருப்பிடித்து, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற சக்கரத்தோடு ஒட்டியிருக்கிறது. அண்ணன் நேரில் வந்து, முன்னால் சுவரோ ஆளோ இல்லாத மைதானத்தைக் கேட்டார். வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். எஞ்சினை அணைத்தபடி செகண்டில் போட்டு, கிளட்சைச் சவட்டியபடியே சாவியைத் திருகினார். ஒட்டியிருப்பதால் வண்டி ஸ்டார்ட்டர் வேகத்திலேயே துள்ளிக் கிளம்பியது. சவட்டிய காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக் கொடுத்து எடுத்தார். மூன்றாவது வட்டத்தில் அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி அதன் போக்கில் உருண்டது.

"விட்டுட்டு," என்றார்.

இந்த முறையில் விடாவிட்டால் பெட்டியை இறக்குவது தவிர வழியில்லை.

திரும்பும் வழியில், தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி பற்றிப் பேச்சு வந்தது. இந்தியாவில் 2014இல் மாருதியின் செலேரியோ கார் வந்தபின் பரவிய வகை. பலர் நினைப்பதுபோல அது தனி ஜாதி இல்லை. அதே பல்லிணைப் பெட்டி, அதே கிளட்ச். காலுக்கும் கைக்கும் பதிலாக மோட்டாரோ ஆயில் அழுத்தமோ வேலை செய்கிறது. மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடுவது அதன் இயல்பு. ஆட்டம் திடீரென்று கூடினால்தான் கவனிக்க வேண்டும். முழு ஆட்டோமேட்டிக்கில் கியர் தாமதித்து விழுந்தாலோ அடித்து விழுந்தாலோ முதலில் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்ப்பார்கள். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் அந்த ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே தேய்மானம்.

"ஏஎம்டியில பெடலே இல்லயே அண்ணே, பிளேட்டு ஒட்டினா என்ன செய்வீங்க?"

"சவட்டுகதுக்கு உள்ள ஒரு மெஷின் இருக்கில்லா," என்றார். "அதுக்கிட்ட கம்ப்யூட்டர வச்சுத்தான் பேசணும்."