கனிமத்தின் நிறத்தை ஏன் நம்பக்கூடாது?

நகைக்கடையில் மாணிக்கத்துக்கு ஒரு விலை, நீலக்கல்லுக்கு வேறு விலை. நிலவியலில் இரண்டும் ஒரே கனிமம்தான்: குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். இப்படி ஒட்டிக்கொண்ட அழுக்கை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது, இல்லையா?

ஒரு கனிமம் எது என்பதை அதன் வேதிச் சேர்க்கையும், உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் தீர்மானிக்கின்றன. இரண்டும் வேண்டும். சிவகங்கையில் தோண்டியெடுக்கும் கிராஃபைட்டும் கார்பன்தான், வைரமும் கார்பன்தான், அடுக்குதான் வேறு.

கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்கைக் கையால் எப்படிச் சோதிப்பது? தட்டான் உரைகல்லில் தங்கத்தைத் தேய்ப்பது போலவே நிலவியலாளரும் மெருகில்லாத பீங்கான் ஓட்டில் கல்லைத் தேய்த்து, விழும் கோட்டின் நிறத்தைப் பார்க்கிறார். கல்லின் மேல்நிறத்தைவிட இந்தப் பொடி நிறம் நாணயமானது. வெள்ளிபோல் மின்னும் ஹேமடைட் செம்பழுப்புக் கோடு போடும். தங்கம் மாதிரி பளபளக்கும் பைரைட் கருப்பாக இழுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் கடினத்தன்மை. 1812இல் ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலில் டால்க் 1, வைரம் 10. இவை வரிசை எண்கள் மட்டுமே. 9இல் இருக்கும் குருந்தத்தைவிட வைரம் பல மடங்கு கடினமானது. ஒரு எண்தானே வித்தியாசம் என்று நினைத்துவிடக்கூடாது.

வெங்கச்சங்கல் எனப்படும் வெள்ளைக் குவார்ட்ஸையும் வெள்ளைக் கால்சைட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குக் குழப்பும். கத்தி முனை கால்சைட்டைக் கீறும், குவார்ட்ஸைக் கீறாது. உடைத்தால் கால்சைட் ஒவ்வொரு முறையும் சாய்சதுர முகங்களோடு பிளக்கும், ஏனென்றால் அந்தத் தளங்களுக்குக் குறுக்கே பிணைப்பு பலவீனம். குவார்ட்ஸில் எல்லாப் பக்கமும் பிணைப்பு வலுவாக இருப்பதால் கண்ணாடிச் சில்லு போல வளைந்து உடையும். நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும்.

வகைப்படுத்தும்போது உலோகத்தைப் பார்ப்பதில்லை; அதோடு சேர்ந்த எதிர்மின் தொகுதியை, அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட அணு அல்லது அணுக் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். காரணம் எளிது: சிடரைட்டும் பைரைட்டும் இரும்புக் கனிமங்கள், ஆனாலும் கார்பனேட்டான சிடரைட் குணத்தில் கால்சைட்டைத்தான் ஒத்திருக்கும். பைரைட் சல்ஃபைடு குடும்பம். ஆக்சைடு, சல்ஃபேட், பாஸ்ஃபேட் என்று இன்னும் பல பிரிவுகள் உண்டு. புவி மேலோட்டில் பெரும்பங்கு, சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி கொண்ட சிலிக்கேட்டுகள்தான்.

இந்த முறைக்கும் கண்ணாமூச்சி காட்டிய கல் ஒன்று இலங்கையில் உண்டு. அங்கே கிடைத்த சில பழுப்பு ரத்தினங்களை நீண்ட காலம் ஒலிவின் என்றே நினைத்திருந்தார்கள். ஒலிவின் மக்னீசியம், இரும்பு கலந்த சிலிக்கேட். ஆனால் இந்தக் கற்களின் குணங்கள் ஒலிவினோடு சரியாகப் பொருந்தவில்லை. 1952இல் உண்மை வெளிவந்தது: அதில் சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் போரான், மக்னீசியத்தில் பாதிக்குப் பதில் அலுமினியம். அணு அடுக்கு மட்டும் அச்சாக ஒலிவினுடையது. ஆகவே அது சிலிக்கேட் அல்ல, போரேட். சின்ஹலைட் என்று புதுப்பெயர் வைத்தார்கள்.