தெருமுனைக்கு எத்தனை மீட்டர் ஆரம்?

இரண்டு தெருக்கள் கூடும் இடத்தில் நடைபாதையின் ஓரக்கல் வளைந்து திரும்பும். அந்த வளைவின் ஆரம் 4 மீட்டராகவும் இருக்கலாம், 12 மீட்டராகவும் இருக்கலாம். வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் நகக்கண் அளவு வித்தியாசம்தான். ஆனால் திரும்பும் கார் எந்த வேகத்தில் வரும், கடப்பவர் சாலையில் எத்தனை நொடி இருப்பார், சக்கர நாற்காலிக்குச் சரிவு எங்கே அமையும், முனையில் இரண்டு பேர் நின்று பேச இடம் மிஞ்சுமா என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணோடு கட்டுண்டவை. ஒரு நகரம் பூங்காவுக்கும் சதுக்கத்துக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன் கைவைக்க வேண்டிய பொது இடம் தெருமுனைதான் என்போம்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். குறுக்கே போகும் தெருவின் அகலம் 7 மீட்டர். நடப்பவர் தன் ஓரக்கல்லிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே தள்ளி நேராக நடந்து வருகிறார். முனை கத்தி வெட்டியதுபோல் செங்கோணமாக இருந்தால் அவர் கடக்க வேண்டியது 7 மீட்டர்தான். ஆரம் 4 மீட்டர் என்றால், அவர் நடக்கும் கோட்டில் ஓரக்கல் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 0.9 மீட்டர் பின்வாங்கிவிடும். மொத்தம் 8.8 மீட்டர். ஆரம் 12 மீட்டராக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 6.2 மீட்டர் போய்விடும். மொத்தம் 19.4 மீட்டர். தெரு ஒரு சாண்கூட அகலமாகவில்லை, கடக்கும் தூரம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். பிதாகரஸ் தேற்றம் தெரிந்த பள்ளி மாணவரே இதைத் தாளில் சரிபார்த்துவிடலாம்.

நடை வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 4 மீட்டர் ஆரத்தில் 7 நொடியில் முடிய வேண்டிய வேலை 12 மீட்டர் ஆரத்தில் 16 நொடி ஆகிறது. கைத்தடியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 11 நொடி என்பது 24 நொடி. சிக்னல் உள்ள இடத்தில் இந்தக் கூடுதல் நொடிகளை யாரோ ஒருவரின் பச்சையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சுற்று நீளும், எல்லோரும் காத்திருப்பார்கள், பொறுமையிழந்து சிவப்பிலேயே இறங்குவோர் கூடுவார்கள். கார்களின் நேரத்தை மிச்சப்படுத்தப் போட்ட பெரிய வளைவு கார்களையே காக்க வைக்கும் வேடிக்கை இது.

அடுத்தது வேகம். திரும்பும் வண்டியைப் பாதையில் பிடித்து வைப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. ஆனால் ஓட்டுநர் உராய்வின் எல்லைவரை போவதில்லை. உடல் பக்கவாட்டில் தள்ளப்படுவது சங்கடமாகும்போதே காலைத் தளர்த்திவிடுவார். அந்தச் சங்கடம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, அதாவது சதுர நொடிக்கு 3 மீட்டரை நெருங்கும்போது தொடங்குகிறது என்று கொள்ளலாம். வேகத்தின் வர்க்கம் என்பது இந்த முடுக்கத்தை ஆரத்தால் பெருக்கியது. வண்டி போகும் பாதையின் ஆரம் 6 மீட்டர் என்றால் மணிக்கு 15 கிலோமீட்டர். 12 மீட்டர் என்றால் 22 கிலோமீட்டர். 20 மீட்டர் என்றால் 28 கிலோமீட்டர். பக்கத்தில் எந்த வேகப் பலகை நட்டாலும் இந்த எண்கள் பெரிதாக அசையாது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி போகும் பாதையின் ஆரமும் ஓரக்கல்லின் ஆரமும் ஒன்றல்ல. ஓரமாக வண்டி நிறுத்தும் பட்டையோ சைக்கிள் பட்டையோ இருந்தால், திரும்பும் ஓட்டுநர் அதையும் சேர்த்து வளைவாக்கிக்கொள்வார். ஓரக்கல் 4 மீட்டர் ஆரத்தில் இருக்க, சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் சுகமாகப் போகும். வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் தெருவில் வேகம் குறையவில்லை என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வேகம் ஏன் இத்தனை முக்கியம்? உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடியில் 8.3 மீட்டர் ஓடும். பிரேக் நன்றாகப் பிடித்தால் இன்னும் 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13.3 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்தச் சுதாரிக்கும் நொடியிலேயே 13.9 மீட்டர் ஓடிவிடும். முதல் கார் முழுதாக நின்ற இடத்தை இரண்டாவது கார் பிரேக்கைத் தொடாமலே முழு வேகத்தில் கடக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 30-க்கும் 50-க்கும் இடையே அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. தெருமுனையில் 15 கிலோமீட்டரில் திரும்பும் ஓட்டுநருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கடப்பவரின் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கிறது.

"தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்?" ஆரத்தைக் குறைக்கலாம் என்றவுடன் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி இதுதான், நியாயமானதும்கூட. தினமும் நூற்றுக்கணக்கில் வரும் வண்டிக்கும் எப்போதோ வரும் வண்டிக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது என்பதே பதில். முதல் வகை தன் பட்டைக்குள்ளேயே திரும்பட்டும். இரண்டாவது வகை எதிர்ப்பட்டையையும் பயன்படுத்தித் திரும்பலாம். அதற்காகக் குறுக்குத்தெருவின் நிறுத்தக் கோட்டைச் சில மீட்டர் பின்னால் இழுத்து வைத்தால் போதும். பேருந்து தவறாமல் திரும்பும் முனையில், சிறு ஆர ஓரக்கல்லுக்கும் பெரிய வளைவுக்கும் இடையில் சற்றே உயர்ந்த, கரடுமுரடான கல்பட்டை ஒன்று பதிக்கலாம். நீள வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கிப் போகும், அது அந்தப் பட்டைமேல் ஏறி இறங்கும். கார் ஓட்டுநர் அதிர்வுக்குப் பயந்து ஒதுங்கியே போவார். இதில் நேரும் தவறு என்னவென்றால், கல் அழகாக இருந்துவிட்டால் மக்கள் அதை நடைபாதை என்று நினைத்து அதன்மேல் காத்து நிற்பார்கள். பின்சக்கரம் வரும் இடம் அது. ஆகவே பட்டையின் நிறம் நடைபாதையைப்போல் இருக்கக் கூடாது. காத்து நிற்கும் இடமும் பார்வையற்றோருக்கான எச்சரிக்கை ஓடுகளும் பட்டைக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

வளைவைக் குறைத்த பிறகு பார்வையைத் திறக்க வேண்டும். கடக்கும் இடத்துக்கு முன்னால் 6 மீட்டருக்குள் கார் நின்றால், அதன் பின்னாலிருந்து வெளிப்படும் குழந்தையை யாராலும் பார்க்க முடியாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஹோபோகன் நகரம் முனைதோறும் இந்த இடத்தைக் காலியாக்கியது. 2017 தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே சாலை விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. அது இந்த ஒரே மாற்றத்தின் பலன் அல்ல, வேகக் குறைப்பும் கூடவே நடந்தது. ஆனால் மலிவிலும் விரைவிலும் இதற்கு ஈடான வேலை குறைவு. வெறும் பெயின்ட் அடித்து விட்டால் ஒரு வாரத்தில் யாராவது வண்டியை நிறுத்திவிடுவார்கள். அங்கே சைக்கிள் நிறுத்தும் வளைவுக் கம்பிகளை நட்டுவிடுவது நல்ல தந்திரம். கவிழ்த்த ‘ப’ வடிவக் கம்பி, தரையிலிருந்து 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரம், ஒன்றுக்கொன்று 1 மீட்டர் இடைவெளி. ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்கிள் நிற்கும், பார்வையும் மறையாது. இன்னும் ஒரு படி மேலே போய், நடைபாதையையே வண்டி நிறுத்தும் பட்டையின் அகலத்துக்கு வெளியே நீட்டினால் கடக்கும் தூரம் பக்கத்துக்கு 2 மீட்டர் குறையும். சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லாத தெருவில் இந்த நீட்டல் அளவு மீறினால், ஓரமாக வந்த சைக்கிள்காரர் திடீரென்று கார்களின் நடுவே தள்ளப்படுவார் என்பதை மறக்கக் கூடாது.

சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்ட நகரங்கள்கூட முனைக்கு வந்ததும் கையை விரித்துவிடுகின்றன. 300 மீட்டர் பாதுகாப்பாக வந்தவர், மோதல் நடக்கக்கூடிய 20 மீட்டரில் தனித்து விடப்படுகிறார். நெதர்லாந்தின் சந்திப்புகள் இதற்குக் கொடுக்கும் விடை, முனையில் ஒரு சிறு திட்டு. சைக்கிள் பாதை அந்தத் திட்டுக்கு வெளிப்புறமாக, நடைபாதைப் பக்கம் வளைந்து போகும். கடக்கும் கோடு பிரதான சாலையிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர், ஒரு கார் நீளம், உள்ளே தள்ளி இருக்கும். கார் பெரும்பகுதி திரும்பி முடித்த பிறகே சைக்கிளைச் சந்திக்கிறது, அதுவும் ஏறக்குறைய செங்கோணத்தில், சன்னல் கண்ணாடி வழியே நேராகத் தெரியும்படி. வழிவிட்டு நிற்கும் கார் பின்னால் வருவோரையும் மறிக்காது. தள்ளல் ஒன்றிரண்டு மீட்டராகச் சுருங்கினால் ஓட்டுநர் தோளுக்குப் பின்னால் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பத்து மீட்டரைத் தாண்டினால் கார் மீண்டும் வேகமெடுத்துவிடும். சைக்கிள்காரரும் அந்தத் தெருவுக்குள் திரும்புகிறார்போல என்று தவறாக நினைக்கப்படுவார்.

அந்தப் பாதையின் அளவுகள்: ஒருவழி என்றால் 2 மீட்டர், ஒருவர் இன்னொருவரை முந்த அதுதான் குறைந்த தேவை. பக்கத்தில் கார்கள் நின்றால் கதவு திறப்பதற்காக மேலும் 80 சென்டிமீட்டராவது இடைவெளி. ஓரக்கல் 5 சென்டிமீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்தால் பெடல் இடிக்கும், அதற்குப் பயந்து எல்லோரும் விலகி ஓட்டுவதால் 2 மீட்டர் பாதை பயன்பாட்டில் ஒன்றரை மீட்டராகச் சுருங்கும். சாய்வான ஓரக்கல் இந்த இழப்பைத் தவிர்க்கும். வடிகால் மூடியின் கம்பிகள் ஓட்டும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நீளவாக்கில் வைத்தால் டயர் மாட்டிக்கொள்ளும். சாலையின் நடுவில் நின்று கடக்கும் திட்டு 2 மீட்டர் அகலமாவது வேண்டும். சைக்கிளின் நீளமே 1.8 மீட்டர்.

சக்கர நாற்காலிக்கும் பார்வையற்றோருக்கும் ஆரம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. பெரிய வளைவில் இரண்டு சரிவுகளுக்கு இடம் இருக்காது. முனையின் நடுவில் மூலைவிட்டமாக ஒரே சரிவு போட்டுவிடுவார்கள். அதில் இறங்கும் நாற்காலி நேரே சந்திப்பின் மையத்தை நோக்கி உருளும். பார்வையற்றவர் ஓரக்கல்லின் கோட்டைக் காலாலும் கோலாலும் உணர்ந்து அதற்குச் செங்குத்தாக நடப்பவர். வளைந்த கல் அவரையும் அதே மையத்துக்கு அனுப்புகிறது. ஆரம் சிறியதானால் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக, நேராக, ஒரு சரிவு வைக்கலாம். சாய்வு 12-க்கு 1, பக்கச் சாய்வு 50-க்கு 1-க்கு மேல் வேண்டாம், அடியில் படி 6 மில்லிமீட்டருக்குள். ஜப்பானின் செய்ச்சி மியாக்கே உருவாக்கிய தொட்டுணர் ஓடுகள் 1967-ல் ஒகயாமா நகரில் முதலில் பதிக்கப்பட்டன. புள்ளி இருந்தால் நில், நீள்கோடு இருந்தால் போ. இவ்வளவு எளிய மொழியையும் கெடுக்க முடியும். நீள்கோடுகளைக் கொண்டுபோய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்ட வைத்திருப்பதை எத்தனையோ தெருக்களில் பார்க்கலாம்.

இந்தச் சரிவுகள் எல்லாவற்றுக்கும் பொது எதிரி மழைநீர். சரிவின் அடிதான் ஓரக்கல் கோட்டிலேயே தாழ்ந்த இடம், ஆகவே நீர் அங்கேதான் குளம் கட்டும். நீர் உள்வாங்கும் வாய் சரிவுக்குக் கீழே இருந்து பயனில்லை, நீர் வரும் திசையில் சரிவுக்கு முன்பாகவே அமைய வேண்டும். நடைபாதை மட்டத்துக்கே சாலையை 10 சென்டிமீட்டர் உயர்த்தும் மேடைக் கடப்புகளிலும் இதே கதை. மேடை ஓரக்கால்வாயை அணைபோல் மறித்துவிடும். மேட்டுப் பக்கம் புதிய உள்வாய் வைக்கப் பணம் ஒதுக்காத திட்டங்கள் முதல் பெருமழையிலேயே பெயரைக் கெடுத்துக்கொண்டு இடிக்கப்படுகின்றன.

இப்படி மீட்ட இடத்தில் மக்கள் என்ன செய்வார்கள்? 1970-களில் நியூயார்க்கில் நகர ஆய்வாளர் வில்லியம் வைட் கேமராவை வைத்துத் தெருக்களைக் கவனித்தார். ஒதுக்குப்புறத்தில் நின்று பேசுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. தெருமுனையில், நடப்போர் கூட்டத்தின் நடுவிலேயேதான் பலரும் நின்று பேசினார்கள். உட்கார இடம் இருக்கும் சதுக்கங்களில்தான் ஆட்கள் உட்கார்ந்தார்கள் என்றும் கண்டார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுவரை அழகுக்காகக் கட்டிய பல சதுக்கங்களில் உட்காரவே வழியில்லை. 30 முதல் 90 சென்டிமீட்டர் உயரமுள்ள எந்த விளிம்பும் இருக்கையாகும். சாலையின் பக்கம் முதுகைக் காட்டியபடி, நடப்போரைப் பார்க்குமாறு வைப்பது நல்லது. நடக்க 2 மீட்டர் ஒழுங்காக விட்ட பிறகு மிஞ்சுவதில்தான் இருக்கை வர வேண்டும்.

பார்சிலோனா இதற்கு முழு அளவிலான சோதனைச்சாலை. பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தாவின் 1859-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 113 மீட்டர் சதுரமான ஒவ்வொரு மனைத்தொகுதியின் நான்கு முனைகளும் சாய்வாக வெட்டப்பட்டன. வண்டிகள் எளிதாகத் திரும்பவும் எதிரே வருவது தெரியவும் அந்த வெட்டு. பின்னாளில் அது கார் நிறுத்துமிடமானது. நேரே நடப்பவர் ஒவ்வொரு முனையிலும் பக்கத்தெருவுக்குள் ஒதுங்கிக் கடந்து, மறுபடி வெளியே வந்து நடக்க வேண்டியதாயிற்று. 2016-ல் போப்லெனோ பகுதியில் மூன்றுக்கு மூன்று தொகுதிகளைச் சேர்த்து, ஊடே பாயும் போக்குவரத்தை வெளிப்புறத் தெருக்களுக்கு மாற்றினார்கள். உள்ளே இருந்த சந்திப்புகளில் பெயின்ட், தொட்டிச் செடி, மேசை வந்தன. வெட்டுப்பட்ட முனைகள் நான்கும் சேர்ந்து எண்கோணச் சதுக்கமாகின.

பெயின்டும் தொட்டியும் வைத்துத் தொடங்குவது சோதிக்கும் வழியும்கூட. கல் பதித்த பிறகு ஆரத்தை மாற்றுவது செலவு, பெயின்டில் மாற்றுவது ஓர் இரவு வேலை. முன்னும் பின்னும் அளக்க நாடாவும் நிறுத்துகடிகாரமும் போதும்: திரும்பும் பாதையில் 10 மீட்டருக்கு இரண்டு சாக்குக்கட்டிக் கோடு. ஒரு கார் அதை 2.4 நொடியில் தாண்டினால் மணிக்கு 15 கிலோமீட்டர், 1.3 நொடியில் தாண்டினால் 28. உச்ச நேரத்திலும் கூட்டம் குறைந்த நேரத்திலும் ஐம்பது ஐம்பது கார்களை அளக்கலாம். எங்கே பெயின்ட் அடிப்பது என்பதற்குத் தெருவே துப்பு கொடுக்கும். மழை விட்டு, சாலை காய்ந்த அன்று முனைக்குப் போனால், சக்கரங்கள் ஓயாமல் தேய்க்கும் இடம் கறுப்பாகத் தெரியும். சக்கரம் படாத இடத்தில் மணலும் சருகும் பிறை வடிவில் படிந்திருக்கும். சாக்குக்கட்டியை அந்தப் பிறையின் விளிம்பிலேயே ஓட்டலாம்.