ஜெர்மன் படங்களைப் பார்க்கத் தொடங்குவோர் கவனத்திற்கு

ஜெர்மன் மொழி கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் பலர், ‘டார்க்’ தொடரைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்ட சோர்வோடு வருகிறார்கள். நான்கு குடும்பங்களையும் பல காலகட்டங்களையும் பின்னிச் செல்லும் அக்கதை, மொழி தெரிந்தவர்களையே திணறடிக்கக்கூடியது. தொடக்கத்தில் ஒரு படத்தின் புகழைவிட, அதில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும்.

அவ்வகையில் நான் முதலில் சொல்வது 1998இல் வந்த ‘லோலா ரென்ட்’. காதலனைக் காப்பாற்ற 20 நிமிடங்களில் 1,00,000 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) திரட்ட ஓடும் பெண்ணின் கதை மூன்று முறை வெவ்வேறு விதமாக நிகழ்வதால், முதல் ஓட்டத்தில் தவறவிட்ட சொல் அடுத்ததில் பிடிபடுகிறது, வசனமும் குறைவு. அடுத்தது ‘குட் பை, லெனின்!’ (2003). பெர்லின் சுவர் விழுந்ததை நோயுற்ற தாயிடமிருந்து மறைக்க, மகன் பொய்ச் செய்தி அறிக்கைகளைப் படமாக்கித் தொலைக்காட்சியில் காட்டுகிறான். வீட்டுப் பேச்சும் செய்தி வாசிப்பின் நடையும் அருகருகே கேட்கக் கிடைக்கும் இப்படத்தை என்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் பரிந்துரைக்க முடியும்.

தொலைக்காட்சியில், 1971 முதல் ஒளிபரப்பாகும் ‘டி சென்டுங் மிட் டெயர் மவ்ஸ்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியைப் பெரியவர்களும் தயங்காமல் பார்க்கலாம். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதைக் காட்டிக்கொண்டே நிதானமாக விளக்குவார்கள்.

1970இல் தொடங்கிய ‘டாட்டோர்ட்’ துப்பறியும் தொடருக்குச் சற்றுப் பின்னர் வரலாம். வாரம் ஒரு நகரத்துக் காவலர் குழு வருவதால் வட்டார வழக்கும் மாறும். சுவிட்சர்லாந்துக் கதைகளை ஜெர்மானியத் தொலைக்காட்சியே பொது ஜெர்மனில் குரல் மாற்றித்தான் ஒளிபரப்புகிறது. ஆகவே புரியவில்லையே என்று எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சப்டைட்டில் விஷயத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். ஆங்கில வரிகள் ஓடினால் கண் படிக்கும், காது ஓய்ந்துவிடும். கதைக்காக ஒருமுறை அப்படிப் பார்த்தாலும், அதே காட்சியை ஜெர்மன் வரிகளோடு மீண்டும் பார்க்க வேண்டும். ஜெர்மன் குரல் சேர்த்த அமெரிக்கத் தொடர்களை இப்பயிற்சிக்கு எடுக்காதீர்கள்: அவற்றில் குரலுக்கும் வரிகளுக்குமான மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் தனித்தனியாகச் செய்யப்படுவதால், கேட்பது ஒன்றாகவும் படிப்பது வேறாகவும் இருக்கும். சரியாகவே கேட்ட மாணவர்கூடத் தம் காதைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்.