மூலிகைக் கிறீம் என்றால் பயமில்லையா?

திருகோணமலையில் என்னிடம் தோல் பிரச்சினைக்காக வருகிறவர்களில் பலர், கன்னத்தில் மங்கு என்ற கருந்திட்டு விழுந்ததும் ஏதாவதொரு கிறீமைப் பூசிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். “மூலிகைதானே டொக்டர், ஒன்றும் செய்யாது” என்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது.

தோலின் நிறத்தைக் குறைக்கும் பொருட்கள் தாவரங்களில் இருப்பது உண்மை. நமது நிறமியான மெலனின் உருவாவதைத் தொடக்கிவைப்பது செம்பு அடங்கிய தைரோசினேஸ் என்ற நொதியம். அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடின், முசுக்கட்டையிலுள்ள ஒக்சிரெஸ்வெரட்ரோல், பெயார்பெரி என்ற செடியின் இலையிலுள்ள ஆர்புட்டின் ஆகியவை அந்த நொதியத்தின் வேலையைத் தடுக்கின்றன. ஆனால் ஏற்கெனவே படிந்த நிறமி, தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்போதுதான் போகும். அதற்கு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஒரு கிழமையில் முகம் வெளுத்துவிட்டால் அந்தக் கிறீமில் ஸ்டீரொய்டோ பாதரசமோ கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். பாதரசம் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

இயற்கையில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. ரோடோடென்ட்ரோல் என்ற நிறம் குறைக்கும் பொருள் சில மரங்களில் இயல்பாகவே இருக்கிறது. அதைச் சேர்த்த வெண்மைப் பூச்சுகளை 2013இல் ஜப்பானில் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. தடுக்க வேண்டிய அதே தைரோசினேஸ் அதை நச்சுப் பொருளாக மாற்றி, நிறமி உயிரணுக்களையே அழித்தது. ஆயிரக்கணக்கானோருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் விழுந்தன.

வீட்டுக் கைவைத்தியத்தில் நான் அதிகம் அஞ்சுவது தேசிக்காயை. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்ற இரசாயனம் வெயில் பட்டால் தோலை எரித்துக் கொப்புளமாக்கும். அது ஆறிய இடம் முன்னைவிடக் கறுக்கும். நிலாவெளிக் கடற்கரையிலோ தம்பலகாமம் வயலிலோ நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள் அதை முகத்தில் தடவவே வேண்டாம்.

மகளின் பிறவி நிறத்தைக் குறைக்கச் சொல்லி வரும் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அது நோயல்ல, அவளை வெயிலிலிருந்து காக்கும் கவசம்.

மங்குக்கு எந்தப் பூச்சைவிடவும் முதலில் தேவைப்படுவது வெயில் மறைப்புத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், அந்த ஒளியையும் மறைக்கும் இரும்பு ஒக்சைட்டு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிறீம் நல்லது. தொப்பியையும் குடையையும் மறக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் பூசக்கூடாது. பூசிய இடத்தில் வெண்புள்ளி தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு, கிறீமின் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.