"இரும்பு உடம்பு சார் இவனுங்களுக்கு"

போன வாரமும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியூர்த் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. வாய் கோணியிருந்தது, வலது கையைத் தூக்க முடியவில்லை, பிபி 220/130. கூட வந்த மேஸ்திரி, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தான். ஒரு நாள் லீவு போட்டதில்ல. வெளியூர்லேர்ந்து வர்ற இவனுங்களுக்கு இரும்பு உடம்பு சார்" என்றார். இதே வசனத்தை வேறு வேறு மேஸ்திரிகள், சூப்பர்வைசர்கள் வாயால் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இரும்பும் இல்லை, எஃகும் இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு, நாடுவிட்டுக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். சீக்காளி கிளம்பவே மாட்டார். வெளிநாடு என்றால் மெடிக்கலில் தேறியவர் மட்டும்தான் விமானமே ஏற முடியும். வந்த இடத்தில் முடியாமல் போனவர் சத்தமில்லாமல் ஊர் திரும்பிவிடுகிறார், அந்த இடத்துக்கு இன்னொரு இளைஞர் வந்துவிடுகிறார். ஆக, எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் உங்கள் கண்ணில் படுவது திடகாத்திரமான ஆட்கள்தான். கொண்டுவந்த அந்த ஆரோக்கியம் வருஷம் ஆக ஆகத் தேய்கிறது என்பதைப் பொதுச் சுகாதாரத் துறையில் பல காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்கத்தான் ஆள் இல்லை.

லீவு போடாததற்கும் உடம்புக்கும் சம்பந்தம் இல்லை. லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. விசா முதலாளி கையில் இருந்தால், முணுமுணுக்கவும் பயம்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது: வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். அதோடு கடன், புரியாத மொழியில் வசவு, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஆள் படுக்கும் கட்டில். பிபி ஏன் ஏறுகிறது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டுமா?

மனசு சரியில்லை என்று இவர்கள் யாரும் வருவதில்லை. நெஞ்செரிச்சல், முதுகுவலி, தலைவலி என்றுதான் வருவார்கள். சட்டைப் பையைக் காட்டச் சொன்னால் பாதி கிழிந்த டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். காலையில் ஒன்று போட்டால்தான் வேலை ஓடுமாம். கழிப்பறை தூரம், போய்வந்தால் திட்டு; அதனால் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். வெயில், வறண்ட உடம்பு, வலி மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் என்னவாகும் என்று மாத்திரை விற்கும் கடைக்காரருக்கே தெரியும்.

(சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: மேஸ்திரியை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். சாரத்திலிருந்து விழுந்தது "சும்மா முதுகுவலி" ஆகிவிடும். போனிலாவது வேறு ஆளைப் பிடியுங்கள். தூக்கத்தையும் கடனையும் பற்றிக் கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வலி மருந்தைத் தொடர்ந்து எழுத வேண்டாம்.)

வேலை கொடுப்பவர்களே, பிபி மெஷின் ஒன்றும் பெரிய செலவில்லை, வாங்கி வையுங்கள். குடிதண்ணீரும் கழிப்பறையும் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உச்சி வெயிலில் நிழலில் உட்காரவிடுங்கள். பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். அது கையில் இல்லையே என்று ஆஸ்பத்திரிக்கு வராமலே கிடப்பவர்கள் உண்டு.

தம்பிகளே, தங்கைகளே, உங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மாசம் ஒரு தடவை பிபி பாருங்கள், அது போதும். அதிகம் என்று மாத்திரை கொடுத்தால், "இப்ப தலைவலி இல்லையே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அறையில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காதீர்கள். சூப்பர்வைசர் அனுமதிக்காகவும் காத்திருக்காதீர்கள். ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.