தொடக்கப் பள்ளியின் மாணவர் கணக்கும் கற்றல் நிலையும்: வடசென்னைப் பெற்றோர் கேட்டறிய வேண்டியவை

திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரை, வடசென்னையில் ஒரு தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது அந்தப் பள்ளியின் தேர்ச்சியைப் பற்றித்தான். ஆனால் தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை எந்தக் குழந்தையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்படுவதில்லை என்பதால், தொடக்கப் பள்ளியில் எல்லோரும் பாஸ் என்ற விடையிலிருந்து எதையும் அறிந்துகொள்ள முடியாது. பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், பிள்ளைகள் எந்தச் சூழலிலிருந்து வருகிறார்கள், அவர்களுடைய வாசிப்பும் கணக்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்பதே பயனுள்ளது. இவற்றைக் கேட்பதற்குச் சட்டமும் இடம் தருகிறது.

ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் என்னும் 11 இலக்க எண் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும் (தமிழ்நாட்டுக்கு 33) அடுத்த இரண்டு மாவட்டத்தையும் குறிக்கும். வகுப்புவாரியாக ஆண், பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, சமூகப் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், ஆசிரியர்கள், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் ஆகிய விவரங்கள் இந்த எண்ணின் கீழ் திரட்டப்படுகின்றன. மாநில அரசின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பதிவு இருக்கிறது. அதில் தம் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பிரிவு ஆகியவை சரியாக உள்ளனவா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இந்த எண்ணிக்கைகளில் மிகவும் முக்கியமானது சேர்க்கை எண்ணிக்கை, ஏனெனில் ஆசிரியர் எண்ணிக்கை அதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர், 121 முதல் 200 வரை 5 பேர் இருக்க வேண்டும். 150க்கு மேற்பட்டால் தலைமையாசிரியர் தனியாக இருக்க வேண்டும். அதாவது, 58 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரே தலைமையாசிரியர் பொறுப்பையும் சுமப்பதால், அவர் அலுவலகக் கூட்டத்துக்குச் செல்லும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில் வந்து சேர்கிறது. மேலும் மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் மூன்றாம் ஆசிரியருக்குச் சட்டப்படி இடம் உண்டாகிறது. அருகில் உள்ள பள்ளியில் பிள்ளைகள் குறைவு என்பதால் அதைத் தவிர்க்கும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்றும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது.

சேர்க்கை குறைந்தால் அது கற்பித்தலின் குறை என்று உடனே முடிவு கட்டுவது நியாயமன்று. கால்வாய் ஓரங்களிலும் ஆற்றோரங்களிலும் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு மாற்றப்படும்போது, பிள்ளைகளின் பெயர்களும் பதிவேட்டிலிருந்து போய்விடுகின்றன. மறுபுறம், மணலி, மாதவரம் பகுதிகளுக்கு வேலை தேடி வரும் வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வந்து சேர்கிறார்கள். இப்படி இடம் மாறும் பிள்ளைகளுக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு மிகவும் தேவை. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானது, பிறப்புச் சான்று இல்லை, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்னும் எந்தக் காரணத்தாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு இணையாக வரும்வரை சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும்.

கற்றல் நிலையை அறிய இப்போது கையில் உள்ள நல்ல கருவி எண்ணும் எழுத்தும் திட்டம். வடசென்னையை ஒட்டிய அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் 13 அன்று தொடங்கப்பட்டபோது 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு இருந்த இத்திட்டம், 2023-24இல் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் படிப்படியாக உயரும் நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, நிலைக்கேற்ற பயிற்சி பெறுகிறார்கள். ஆகவே மதிப்பெண்ணைக் கேட்பதைவிட, பள்ளி திறந்தபோது பிள்ளை எந்த நிலையில் இருந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்பதே பொருத்தம். 4ஆம் வகுப்புப் பிள்ளை தமிழில் அரும்பு நிலையில் இருப்பதாகத் தெரிந்தால் அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன பயிற்சி தரப்படுகிறது என்று கேட்க வேண்டும். 2024 டிசம்பரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்த தேசிய மதிப்பீடு போன்றவை மாதிரிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சில பள்ளிகளில் மட்டும் எடுக்கப்படுபவை என்பதால், தம் பள்ளி எப்படிக் கற்பிக்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிய இயலாது.

இந்தக் கேள்விகளை எழுப்ப உரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்; பின்தங்கிய, நலிந்த பிரிவுக் குடும்பங்களுக்கு அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தரப்பட வேண்டும். வகுப்புவாரிச் சேர்க்கையையும் தேவையான ஆசிரியர் எண்ணிக்கையையும் கணித்துப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இக்குழுவின் கடமை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் இக்குழுவுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பு மட்டுமே உண்டு என்பதை அப்பள்ளிகளின் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் கேட்டும் விவரம் கிடைக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலியானவை எத்தனை, வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எத்தனை பேர், அரும்பு, மொட்டு, மலர் ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே கேட்க வேண்டும். மற்றப் பிள்ளைகளின் பெயர், சாதி, மதிப்பெண் ஆகியவை தனிப்பட்ட விவரங்கள் என்பதால் அவற்றைக் கேட்பது முறையாகாது. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.