வெயில் இருக்கும்போதே சோலார் ஏன் நின்றுவிடுகிறது?

"பட்டப்பகலில் கரண்ட் போகிறது. மாடியில் வெயில் கொளுத்துகிறது. அப்போது சோலாரும் சேர்ந்தே நின்றுவிடுகிறதே, ஏன்?" பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் இது பழுது இல்லை. உயிர் காக்கும் ஏற்பாடு.

சோலார் பலகையிலிருந்து வருவது நேர்திசை மின்னோட்டம். அதை மாறுதிசையாக்குவது இன்வெர்ட்டர். தெருக்கம்பியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும்) அலையைப் பார்த்து, அதே தாளத்தில் அது மின்சாரத்தைச் சேர்க்கிறது. கரண்ட் போன பிறகும் அப்படிச் சேர்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? தெருமுனை மின்மாற்றி தலைகீழாக வேலை செய்து, வீட்டு மின்னழுத்தத்தை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பி மேலே கம்பியில் கை வைக்கும் லைன்மேனின் கதி?

கரண்ட் போனதும் பெரும்பாலும் மின்னழுத்தம் சரிந்துவிடும். இன்வெர்ட்டர் உடனே நின்றுவிடும். சிக்கல் வேறு இடத்தில். மாடியில் உற்பத்தியாகும் அளவும் தெருவில் செலவாகும் அளவும் அந்த நொடியில் சரிசமமாக இருந்தால் மின்னழுத்தம் சரியாது, அலையும் குலையாது. கம்பி துண்டானது எப்படித் தெரியும்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. இன்வெர்ட்டர் சும்மா இருப்பதில்லை. அலையின் அதிர்வெண்ணை ஓயாமல் துளித்துளியாக நெருடிப் பார்க்கிறது. தூக்கத்திலும் அம்மாவின் முந்தானையை இழுத்துப் பார்க்கும் குழந்தையைப் போல. மறுமுனையில் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே தாளத்தில் சுழலும் ஜெனரேட்டர்கள் இருந்தால் அலை அசைந்து கொடுக்காது. (தென்மாநிலங்கள் இந்தத் தாளத்தில் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாக.) மறுமுனையில் எதுவும் இல்லையென்றால் அதிர்வெண் இழுத்த பக்கம் நழுவும். நழுவ நழுவ இன்வெர்ட்டர் இன்னும் பலமாக இழுக்கும். எல்லை தாண்டியதும் தன்னை நிறுத்திக்கொள்ளும். எல்லாம் 2 விநாடிக்குள்.

மின்தடையிலும் சோலார் வேண்டுமென்றால், வீட்டைத் தெருவிலிருந்து முதலில் துண்டித்துவிட்டுப் பேட்டரியோடு தனியே இயங்கும் ஹைபிரிட் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தெருக்கம்பியின் அலையைப் பின்தொடர்ந்தே இயங்கும் இதே குணம், ஒரு வீட்டுக்கு நல்லதானாலும், நாட்டளவில் கவலை தருகிறது. கர்நாடகாவின் பாவகடா சோலார் பூங்கா மட்டும் 2,050 மெகாவாட். 2030-க்குள் நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராத 500 ஜிகாவாட் மின்திறன் என்பது நம் இலக்கு. எல்லா இன்வெர்ட்டரும் பின்தொடர்ந்தால், அலையைத் தருவது யார்? இன்று அதைப் பிடித்து வைத்திருப்பவை அனல், நீர் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள். அலையைத் தானே உருவாக்கும் இன்வெர்ட்டர்கள் வந்துவிட்டன. பேட்டரியோடு சேர்த்துத் தென் ஆஸ்திரேலியாவில் இயக்கிப் பார்த்திருக்கிறார்கள். பலகைகளுக்கு மானியம் தரும் நம் அரசு, இந்த ஆய்வுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணினியில் கணக்குப் போட்டால் மட்டும் போதாது. மெகாவாட் அளவில் சோதனைக்கூடங்கள் வேண்டும். ஏனென்றால் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கம்பியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால், சுழலும் ஜெனரேட்டர் தன் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைச் சற்று நேரம் தாங்கித் தரும். இன்வெர்ட்டரின் குறைகடத்திகளோ வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடினாலே கருகிவிடும்.